துண்டுத்துணித் தரைவிரிப்பில் தோன்றும் கோளாறுகள்: அறிகுறியைக் கொண்டு பழுது நீக்கும் முறை

பழைய சேலை, வேட்டி, ஜீன்ஸ், பனியன் கம்பெனியின் வெட்டுக் கழிவு ஆகியவற்றை விரலகலப் பட்டைகளாகக் கிழித்து, பருத்திப் பாவின் (நீளவாக்கில் கட்டிய நூல்களின்) குறுக்கே ஊடையாகக் (குறுக்கிழையாக) கொடுத்துக் கைத்தறியில் நெய்யும் தரைவிரிப்பை வட இந்தியாவில் ‘சிந்தி தரி’ என்கிறார்கள். சிந்தி என்றால் இந்தியில் கந்தல் துண்டு. சிந்து மாகாணத்துக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. டெல்லிக்கு வடக்கே சுமார் 90 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பானிப்பட்டு இவ்வகை விரிப்புகளுக்கும், பழைய கம்பளி உடைகளைப் பிய்த்து மீண்டும் நூலாக நூற்கும் தொழிலுக்கும் பெயர்பெற்ற ஊர். நம் பக்கத்தில் திருப்பூரின் பின்னலாடைக் கழிவு, கொங்கு வட்டாரத் தறிகளில் கால்மிதியாகவும் விரிப்பாகவும் மாறுகிறது. என் தறிக்குப் பழுது பார்க்க வருபவற்றில் இவ்விரண்டு வகையும் உண்டு. அவற்றில் அடிக்கடி காணும் கோளாறுகளையும், வீட்டிலேயே செய்யக்கூடிய சீரமைப்புகளையும் அறிகுறிவாரியாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது: கோளாறு பாவிலா, ஊடையிலா?

ஆலையில் நெய்த ஒரு போர்வையைத் துவைத்தால் அது முழுவதும் ஒரே மாதிரி சுருங்கும், ஒரே மாதிரி சாயம் விடும். துண்டுத்துணி விரிப்பு அப்படி நடந்துகொள்வதில்லை. அதன் பாவு ஒரே கண்டிலிருந்து வந்த, ஒரே தடிமன் கொண்ட பருத்தி நூல். ஊடையோ பத்து வீட்டுத் துணியும் நான்கு ஆலைக் கழிவும் கலந்தது. ஒரு பட்டை நூறு முறை துவைத்த வேட்டியாக இருக்கும், அடுத்த பட்டை தண்ணீரையே பார்த்திராத புதுத் துணியின் வெட்டுத் துண்டாக இருக்கும். ‘முழுக்க மறுசுழற்சி’ என்று அட்டை கட்டி விற்கும் விரிப்புகளிலும் பாவு பெரும்பாலும் புது நூல்தான். இழுவையைத் தாங்க வேண்டிய நூல் புதிதாக இருப்பதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். ஆனால் விரிப்பில் எந்தக் கோளாறு தோன்றினாலும், அது பாவில் தோன்றியதா, ஊடையில் தோன்றியதா, அல்லது இரண்டும் ஒத்துப்போகாததால் தோன்றியதா என்று பிரித்தறியாமல் கை வைத்தால், சரியாக இருக்கும் பகுதியைச் சரிசெய்யப் போய்க் கெடுப்பதே நடக்கும்.

பிரித்தறிவது எளிது. இரு முனைகளிலும் குஞ்சமாகத் தொங்கும் நூல்களே பாவு. விரிப்பை அகலவாக்கில் மடித்து, மடிப்பின் மேல் வளைவில் பட்டைகளை விரலால் விலக்கினால், இடையில் நீளவாக்கில் ஓடும் அதே நூல்கள் தென்படும். குறுக்கே தடித்துக் கிடப்பவை எல்லாம் ஊடை.

ஊடை எந்த இழையால் ஆனது என்பது தெரியாவிட்டால், பட்டையின் அடிப்பக்க நுனியிலிருந்து நான்கைந்து இழைகளைப் பிரித்து, இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டின் மேல் தீக்குச்சியால் எரித்துப் பாருங்கள். பருத்தியும், மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ் இழையும் காகிதம் எரியும் வாடையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் நகத்தால் நசுக்க முடியாத கடினமான மணியாகும். கம்பளியும் பட்டும் முடி கருகும் நாற்றத்தோடு, தீயை எடுத்ததும் தாமாகவே அணையும். மிஞ்சும் கரி விரலில் பொடியும். தண்ணீர்க் குவளையை அருகில் வைத்துக்கொண்டே இதைச் செய்ய வேண்டும். பட்டுச் சேலைக் கழிவு என்று விற்கப்படும் பளபளப்பான விரிப்பு காகித வாடை அடித்தால் அது பெரும்பாலும் விஸ்கோஸ் என்று கொள்ளலாம். இது வெறும் பெயர்ப் பிரச்சினை மட்டுமல்ல: பருத்தி நனைந்தால் வலுக்கூடும், விஸ்கோஸ் நனைந்தால் ஏறக்குறைய பாதி வலுவை இழக்கும். ஆகவே அத்தகைய விரிப்பை ஈரத்தில் பிழியவோ தூக்கி உதறவோ கூடாது.

அறிகுறி: சாயம் போகிறது

இந்த ஒரு முறையீட்டின் கீழ் இரண்டு வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. மருந்தும் வேறு வேறு. வெள்ளைப் பருத்தித் துணி இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் காய்ந்த நிலையில், விரிப்பின் ஒவ்வொரு நிறத்தின் மீதும் பத்து முறை அழுத்தித் தேய்க்க வேண்டும். மற்றதை நனைத்துப் பிழிந்து, அதே நிறங்களின் மீது வைத்து, மேலே ஒரு கனமான பாத்திரத்தை ஏற்றி அரை மணி நேரம் விட வேண்டும்.

காய்ந்த துணியில் நீலம் ஒட்டினால் விரிப்பில் ஜீன்ஸ் துணி இருக்கிறது. ஜீன்ஸின் அவுரி நீலம் தண்ணீரில் கரையாத சாயம். அது நூலின் உள்ளே போகாமல் மேற்பரப்பில் வளையமாகப் படிந்து நிற்பதால், நடக்க நடக்க உரசி உதிர்கிறது. ஜீன்ஸ் நாளடைவில் வெளுத்து அழகாவதும் இதே காரணத்தால்தான். இதைத் துவைத்து நிறுத்த முடியாது. தரையிலும் சாக்ஸிலும் நீலம் படிவதைக் குறைக்க, விரிப்பை முதல் இரண்டு மாதம் வாரம் ஒரு முறை வெளியில் எடுத்துச் சென்று, ஈரமான பழைய துண்டால் இழைப்போக்கில் துடைத்து, உதிர வேண்டியதை உதிர விடுவதே வழி. வெள்ளை மார்பிள் தரையில் ஜீன்ஸ் விரிப்பைப் போட வேண்டாம் என்று வாங்க வருபவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வியாபாரம் சில நேரம் போகும், முறையீடு வராது.

ஈரத் துணியில் சிவப்போ, கருநீலமோ, மெரூனோ இறங்கினால், அது துணியோடு பிணையாமல் தங்கிய மிச்சச் சாயம். பருத்திக்கு ஏற்றும் ரியாக்டிவ் சாயத்தில் ஒரு பகுதி எப்போதும் நூலோடு பிணையாமல் தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகிவிடும். சாயப்பட்டறையில் சுடுநீரில் பலமுறை அலசினால்தான் அது நீங்கும். பயன்படுத்திய பழைய துணியில் இந்த மிச்சம் முன்பே போயிருக்கும். அலசல் குறைந்த மலிவுத் துணியின் வெட்டுக் கழிவில் அது அப்படியே இருக்கும். எனவே ஒரே விரிப்பில் பழைய சிவப்புச் சேலை சாயம் விடாமலும், புதுச் சிவப்பு பனியன் துண்டு குழம்பு போல இறங்கியும் இருப்பதைக் காணலாம்.

உப்பு நீரில் ஊற வைத்தால் சாயம் நிற்கும் என்பது வீட்டுக்கு வீடு சொல்லப்படும் வைத்தியம். சாயத்தொட்டியில் உப்பு உண்மையிலேயே வேலை செய்கிறது. கரைசலில் இருக்கும் சாயத்தை நூலை நோக்கித் தள்ளுகிறது. ஆனால் தோய்ந்து முடிந்த துணியில் பிணையாமல் கிடக்கும் சாயத்தை அது பூட்டிவிடாது. வினிகர் கம்பளிக்கும் பட்டுக்கும் ஏற்றும் அமிலச் சாயத்துக்கு உதவக்கூடும், பருத்திக்கு உதவாது. இரண்டையும் ஊற்றி இரவெல்லாம் ஊற வைப்பதில் ஒரு தீங்கும் உண்டு: ஊறும் நேரம் முழுவதும் சிவப்பு, பக்கத்து வெள்ளைப் பட்டைக்குக் குடியேறிக்கொண்டிருக்கும்.

செய்ய வேண்டியது வேகமான, நிறையத் தண்ணீர் கொண்ட, குளிர்நீர் அலசல். மொட்டை மாடியில் விரிப்பைச் சாய்வாகப் போட்டு, மேலிருந்து குழாய் நீரை ஓடவிட்டு, நீர் தேங்காமல் வடியச் செய்யுங்கள். வடியும் நீர் தெளியும் வரை நிறுத்த வேண்டாம். பிறகு பழைய துண்டுகளை மேலும் கீழும் வைத்துச் சுருட்டி, மிதித்து, ஈரத்தை உறிஞ்சிவிட்டு நிழலில் தட்டையாகக் காயப் போட வேண்டும். ஏற்கெனவே சாயம் பரவிவிட்ட விரிப்பு இன்னும் ஈரமாக இருந்தால், அதைக் காய விடாமல் மறுபடி இதே அலசலைத் தொடங்குங்கள்; காய்ந்தபின் பரவிய சாயத்தை எடுப்பது மிகக் கடினம். குளோரின் ப்ளீச்சைக் கையில் எடுக்க வேண்டாம். வெளுக்க வேண்டிய வெள்ளைப் பட்டைக்குப் பக்கத்திலேயே வெளுக்கக் கூடாத பட்டை இருக்கிறது என்பது ஒரு காரணம். பனியன் துணியிலும் இழுவை ஜீன்ஸிலும் கலந்திருக்கும், ரப்பர் போல நீளும் ஸ்பான்டெக்ஸ் இழையைக் குளோரின் அரித்துவிடும் என்பது இன்னொன்று.

அறிகுறி: துவைத்த பின் அலை அலையாக எழும்புகிறது, நீளம் குறைந்துவிட்டது

இது பாவும் ஊடையும் ஒத்துப்போகாததன் நேரடி விளைவு. தறியில் பாவு நாள்கணக்கில் இறுக இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. முதல் முறை நன்றாக நனையும்போது அந்த இழுவை தளர்ந்து நூல் தன் இயல்பான நீளத்துக்குத் திரும்பும். விரிப்பு நீளத்தில் குறைந்து தடிமனில் கூடும். இது எல்லா நூல்களிலும் ஒரே அளவில் நடந்தால் விரிப்பு வெறுமனே குட்டையாகும், அலை எழாது. ஊடையில் பழைய துணி உள்ள இடம் அகலத்தில் அப்படியே இருக்க, வெட்டுக் கழிவு உள்ள இடம் சுருங்கினால், அல்லது விரிப்பின் பாதி மட்டும் நனைந்து சுருங்கினால், அலை எழும். ஒரு காபிக் கறைக்காக விரிப்பின் நடுப்பகுதியை மட்டும் சுடுநீரில் கசக்கிக் கழுவியவர்களின் விரிப்புகள் நடுவில் குழி விழுந்து வருவது இதனால்தான்.

சரிசெய்ய, விரிப்பு முழுவதையும் ஒரே சீராக நனைக்க வேண்டும். தரையில் பழைய போர்வை விரித்து, அதன்மேல் விரிப்பைப் போட்டு, முதலில் இரண்டு மூலைவிட்டங்களையும் கயிற்றால் அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே அளவாக இல்லாவிட்டால் விரிப்பு கோணியிருக்கிறது. குட்டையான மூலைவிட்டத்தின் இரு முனைகளையும் இரண்டு பேர் பிடித்து, வெடுக்கென்று இல்லாமல் நிதானமாக, மூச்செண்ணி இழுத்து விட வேண்டும். நான்கைந்து முறை இழுத்த பின் மறுபடி அளக்கலாம். அளவு ஒத்ததும் ஓரங்களின் மேல் பாலிதீன் பையில் சுற்றிய செங்கற்களை அரை அடிக்கு ஒன்றாக அடுக்கி, நிழலில் முற்றிலும் காய விடுங்கள். குறைந்த நீளம் முழுவதும் திரும்பாது. அலை மட்டும் பெரும்பாலும் படிந்துவிடும்.

வாஷிங் மெஷினில் போடலாமா என்ற கேள்விக்கு என் பதில், கால்மிதி அளவென்றால் போடலாம், அதற்கு மேல் வேண்டாம் என்பதே. நனைந்த பருத்தி விரிப்பு தன் காய்ந்த எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு கனக்கும். அந்த எடை சுழலும்போது விரிப்பு ஒரு பக்கமாகப் பந்து போல ஒதுங்க, மெஷின் ஆடும், பாவு அறும். காயப் போடும்போதும் இதே எடைதான் எதிரி. ஒற்றைக் கொடிக்கயிற்றில் தொங்கவிட்டால் நடுவில் தழும்பு விழும். வடியும் நீரோடு சாயமும் இறங்கிக் கீழ் ஓரத்தில் கோடு கட்டும். கயிற்றுக் கட்டில் இருந்தால் அதைவிட நல்ல காயப்போடும் சாதனம் கிடையாது, காற்று அடியிலும் போகும்.

துவைத்து உலர்ந்த விரிப்பு அட்டை போல விறைத்திருந்தால், அது சுருக்கத்தால் வந்ததாக இருக்காது. ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீரில் பார் சோப்புப் போட்டுத் துவைத்தால் சோப்பு திரிந்து பட்டைகளுக்கிடையே படியும். நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசினால் இளகிவிடும்.

அறிகுறி: குஞ்சம் அவிழ்கிறது, முனையில் ஊடை கழல்கிறது

இதைக் கண்டதும் அன்றைக்கே சரிசெய்ய வேண்டும். வாரக்கணக்கில் விட்டால் இரண்டு பட்டை கழன்றது இருபது பட்டையாகும். முனையில் இருக்கும் முடிச்சுகளே கடைசி ஊடையைப் பிடித்து நிறுத்துகின்றன. நடக்கும் கால் அதை ஒவ்வொரு நாளும் வெளியே தள்ளுகிறது, விளக்குமாறும் வாக்குவம் கிளீனரும் மீதியைச் செய்கின்றன.

கழன்ற பட்டையை முதலில் சீப்பின் பல்லால் அடித்து உள்ளே தள்ளி, பழைய இடத்தில் நெருக்கி நிறுத்துங்கள். அடுத்தடுத்த நான்கு பாவிழைகளைச் சேர்த்து ஒரு வளையம் போட்டு, இறுக்குவதற்கு முன் வளையத்துக்குள் ஒரு தடித்த ஊசியை நுழைக்க வேண்டும். ஊசியின் முனையால் வளையத்தை விரிப்பின் விளிம்பு வரை நகர்த்தி, அங்கே அழுத்திப் பிடித்துக்கொண்டு நூலை இழுத்தால், முடிச்சு ஊடையை ஒட்டி உட்காரும். ஊசி இல்லாமல் வெறும் கையால் போட்டால் முடிச்சு பாதி வழியில் இறுகிக்கொள்ளும். அந்தக் கால் அங்குல இடைவெளியில்தான் அடுத்த பட்டை கழலும். இரண்டாம் வரிசையாக, ஒரு முடிச்சின் இரண்டு இழையையும் பக்கத்து முடிச்சின் இரண்டு இழையையும் சேர்த்து மறுபடி முடிந்தால் இன்னும் உறுதி.

முடிச்சுப் போட நூல் நீளம் போதாமல் தேய்ந்திருந்தால், முனையை அப்படியே கித்தான் பட்டையால் மூடித் தைத்துவிடலாம். வீட்டுத் தையல் மெஷினின் ஊசி இந்தத் தடிமனில் முறியும். செருப்புத் தைக்கும் கடையில் கொடுத்தால் பத்து நிமிட வேலை.

அறிகுறி: பட்டையின் நுனி மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது பாவிழை அறுந்து தொங்குகிறது

நீட்டிக்கொண்டிருக்கும் நுனியை இழுக்கவும் கூடாது, கத்தரிக்கவும் கூடாது. நெய்யும்போது ஒரு பட்டை முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் இரண்டும் சில அங்குலம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கும். நுனியை விளிம்போடு வெட்டினால் அந்தப் பிடிப்பு குறையும். அடுத்த மாதம் அதே இடத்தில் இன்னும் நீளமாக எழும்பும்.

கோணி ஊசி ஒன்று போதும். ஆனால் ஊசியில் நுனியைக் கோத்துக்கொண்டு பிறகு குத்த முயன்றால் நடக்காது, நுனி ஊசியைவிடக் குட்டையாக இருக்கும். ஊசியை முதலில் வெறுமனே செலுத்துங்கள்: நுனி எழும்பும் இடத்திலிருந்து, அதே ஊடை வரிசைக்குள், பாவிழைகளுக்கு மேலும் கீழுமாக இரண்டு அங்குலம் போகட்டும், காது மட்டும் வெளியே நிற்கட்டும். இப்போது நுனியைக் காதில் நுழைத்து ஊசியை இழுத்தால், பட்டை அதே வழியில் உள்ளே போய் மறையும். பட்டை அகலமாக இருந்தால் நுனியைச் சாய்வாக வெட்டிக் கூராக்கிக்கொள்ளலாம்.

பாவிழை அறுந்திருந்தால், அதே தடிமன் கொண்ட பருத்தி நூலை எடுத்துக்கொள்ளுங்கள். அறுந்த இடத்துக்கு இரண்டு அங்குலம் முன்பே தொடங்கி, அறுந்த இழை எந்தப் பட்டைக்கு மேலே போனதோ அதற்கு மேலே, எதற்குக் கீழே போனதோ அதற்குக் கீழே என்று அதன் தடத்திலேயே ஊசியை ஓட்டி, அந்தப் பக்கமும் இரண்டு அங்குலம் தாண்டி நிறுத்த வேண்டும். முடிச்சு வேண்டாம். விரிப்பின் இறுக்கமே நூலைப் பிடித்துக்கொள்ளும்; முடிச்சு போட்டால் மிதிபட்டு அந்தப் புள்ளியில் மறுபடி அறும். தடம் குழப்பினால் பக்கத்து இழையைப் பார்த்து அதற்கு நேர்மாறாகப் போகலாம். நைலான் நூலைப் பயன்படுத்த வேண்டாம், அது பக்கத்துப் பருத்தி இழைகளையும் ஊடையையும் அறுக்கும்.

அறிகுறி: கறுப்புப் பட்டைகள் மட்டும் இற்றுப் பொடிகின்றன

மற்ற எல்லா நிறமும் திடமாக இருக்க, கறுப்பு மட்டும் நகத்தால் கீறினாலே கிழியும் விரிப்பை முதன்முதலாகப் பார்த்தபோது, நான் எலி மூத்திரம் என்றே நினைத்தேன். காரணம் அந்தச் சாயம்தான். பருத்திக்குக் கறுப்பேற்ற மலிவான, நன்கு நிற்கும் சாயம் கந்தகக் கறுப்பு. வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் நீண்டகாலம் கிடந்தால் அதிலுள்ள கந்தகம் மெல்ல ஆக்சிஜனோடு சேர்ந்து கந்தக அமிலமாகும். அந்த அமிலம் பருத்தியை உள்ளிருந்தே அரிக்கும். நம் ஊர்ப் பரணில், பாலிதீனில் இறுகக் கட்டி இரண்டு கோடையும் இரண்டு மழைக்காலமும் வைத்த விரிப்புக்கு இது நேர்வதில் வியப்பில்லை.

இற்ற பட்டையை மீட்க முடியாது. அதைத் துண்டு துண்டாக உருவி எடுத்துவிட்டு, அதே அகலத்தில் வேறு துணிப்பட்டையைக் கோணி ஊசியால் அதே தடத்தில் செலுத்த வேண்டும். ஒரு வரிசைக்கு அரை மணி நேரம் ஆகும். பத்து வரிசைக்கு மேல் என்றால் தறிக்காரரிடம் கொடுப்பது நல்லது. இன்னும் இற்றுப்போகாத கறுப்புப் பட்டைகளைக் காப்பாற்ற, ஒரு வாளி தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி சலவைச் சோடா கரைத்து அலசிப் பின் நல்ல நீரில் அலசலாம். காரம் அமிலத்தை நடுநிலையாக்கும். மற்ற நிறங்கள் ஈரச் சோதனையில் தேறியிருந்தால் மட்டுமே இதைச் செய்ய வேண்டும்.

அறிகுறி: பஞ்சு உதிர்கிறது

கந்தல் பட்டை விரிப்பில் கிழிந்த ஓரத்தின் இழைகள் முதல் சில வாரம் உதிர்ந்து நின்றுவிடும். நிற்காமல் உதிர்ந்தால் அது பட்டையால் நெய்ததாக இருக்காது, பழைய துணியைப் பல்சக்கரத்தில் பிய்த்துப் பஞ்சாக்கி நூற்ற நூலால் நெய்ததாக இருக்கும். 1813-இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், பேட்லி என்ற ஊரில், பெஞ்சமின் லா தொடங்கிவைத்ததாகச் சொல்லப்படும் தொழில் இது; இன்று அதற்குப் பானிப்பட்டுதான் தலைநகரம். நிறவாரியாகப் பிரித்த பழைய உடைகளைப் பிய்ப்பதால் பெரும்பாலும் சாயமேற்றத் தேவையே இருக்காது. பிய்க்கும்போது இழை குட்டையாகிறது, குட்டை இழை முறுக்கில் நிற்காமல் நழுவுகிறது. ஆகவே உதிர்வைக் குறைக்கலாம், ஒழிக்க முடியாது. சுழலும் தூரிகை உள்ள வாக்குவம் முனையைக் கழற்றிவிட்டு, வெறும் குழாயால் இழைப்போக்கில் உறிஞ்சுங்கள்.

அறிகுறி: வழுக்குகிறது, மூலை மடிகிறது

பாலிஷ் செய்த டைல்ஸில் அடிப்புறம் வெறுமையான எந்த விரிப்பும் வழுக்கும், இது விரிப்பின் குற்றமல்ல. முதியவர் இருக்கும் வீட்டில் அடியில் ரப்பர் வலை விரிப்பு போடாமல் இதைப் பயன்படுத்தவே வேண்டாம். வலை, விரிப்பைவிட எல்லாப் பக்கமும் ஓர் அங்குலம் சிறியதாக இருக்கட்டும். பசை நாடா ஒட்டினால் ஊடைப் பட்டையின் அடிப்பக்கம் உரிந்து வரும்.

மூலை மடிவது பெரும்பாலும் சுருட்டி வைத்த பழக்கத்தால் வருவது. எதிர்ப்பக்கமாகச் சுருட்டி ஓர் இரவு வைத்தால் போதும். பனியன் துணி விரிப்பில் மட்டும் இது தீராமல் இருக்கலாம். பின்னலாடைத் துணியை வெட்டி இழுத்தால் அது தானாகவே கயிறு போலச் சுருளும். நெய்பவர்களுக்குப் பிடித்த குணம் அது. அதே துணி இழுத்த நிலையில் நெய்யப்பட்டு, தறியிலிருந்து இறங்கியபின் மெல்லச் சுருங்கி ஓரத்தை உள்நோக்கி இழுக்கும். ஈரத் துணி வைத்து இஸ்திரி போட்டால் ஓரளவு படியும். எரித்துப் பார்த்ததில் பாலியெஸ்டர் தெரிந்தால் சூட்டை மிகக் குறைத்து வைக்க வேண்டும்.

தறி வைத்திருப்பவர்கள் இதை முளையிலேயே தடுக்கலாம். பட்டையைப் பாவின் திறப்புக்குள் நேர்க்கோடாக இழுத்து வைக்காமல், வில் போல வளைத்துத் தளர்வாகக் கிடத்திவிட்டு அச்சை (ஊடையை நெருக்கும் சீப்புச் சட்டத்தை) அடிக்க வேண்டும். தடித்த ஊடை ஒவ்வொரு பாவிழையையும் ஏறி இறங்கிப் போக அதிக நீளம் தேவை. அதைக் கொடுக்காவிட்டால் ஓரத்துப் பாவு உள்ளே இழுபட்டு, விரிப்பு நடுவில் இடுப்பு போலக் குறுகும். ஐந்து விரல்கடைக்கு ஒரு முறை அகலத்தை அளப்பவரின் விரிப்பில் மூலை மடிவது அரிது.

அறிகுறி: நாற்றம், பூசணம், பூச்சி

பருத்தி சாதாரண ஈரப்பதத்திலேயே தன் எடையில் சுமார் 8.5 சதவீதம் நீரைக் காற்றிலிருந்து இழுத்து வைத்திருக்கும், பாலியெஸ்டர் 0.4 சதவீதம்தான். கலப்பு விரிப்பில் மேலே தொட்டால் காய்ந்தது போலத் தோன்றும், உள்ளே பருத்தி ஈரமாகவே இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் துவைத்த விரிப்பு நாறுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அந்த மாதங்களில் துவைக்காமல் உதறி மட்டும் வையுங்கள். பூசணப் புள்ளி விழுந்துவிட்டால், வீட்டுக்கு வெளியே காய்ந்த நிலையில் தூரிகையால் தட்டிவிட்டு, நல்ல வெயிலில் இரு பக்கமும் ஒவ்வொரு நாள் காயவிட வேண்டும். கறுத்த புள்ளியின் தடம் தங்கிவிடும், நாற்றம் போகும்.

பருத்தி விரிப்பில் வரும் பூச்சி பெரும்பாலும் ராமபாணம் (வெள்ளிமீன் பூச்சி). அதற்கு வேண்டியது பாவு நூலில் இருக்கும் கஞ்சி, ஒரு முறை நன்றாக அலசினால் கஞ்சியோடு அதன் ஆர்வமும் போகும். கம்பளி கலந்த விரிப்பில் அந்துப்பூச்சியின் புழு வேறு கதை. அது இருட்டில், யாரும் நகர்த்தாத சோபாவின் அடியில் இருந்து தின்னும், வெளிச்சம் பிடிக்காது. சிறிய விரிப்பை பாலிதீனில் இறுகச் சுற்றி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தால் புழுவும் முட்டையும் சாகும். பெரியதை மாதம் ஒரு முறை வெயிலில் போட்டு இரு பக்கமும் அடிக்க வேண்டும்.

அறிகுறி: மஞ்சள், எண்ணெய்க் கறை

மஞ்சள் கறையில் சோப்புப் போட்டதும் சிவப்பாவதைக் கண்டு பலர் பயந்து ப்ளீச்சை ஊற்றுகிறார்கள். மஞ்சளில் உள்ள நிறமி காரத்தில் சிவக்கும், அலசினால் மறுபடி மஞ்சளாகும், அவ்வளவே. அது சூரிய ஒளியில் நிலைக்காத நிறமி. அலசிவிட்டு இரண்டு மூன்று நாள் வெயிலில் வைத்தால் பெரும்பகுதி வெளுத்துவிடும். எண்ணெய் சிந்தினால் தேய்க்காமல் கடலைமாவைத் தூவி ஒரு மணி நேரம் விட்டுத் தட்டியெடுத்து, பாத்திரம் துலக்கும் திரவத்தை இரண்டு சொட்டு நீரில் கலந்து ஒற்றி எடுக்கலாம்.

பழுதுக்கு மேல் போனது என்று எப்போது முடிவு செய்வது?

குஞ்சத்திலிருந்து ஒரு பாவிழையை விரலில் சுற்றி மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஐந்து இடத்தில் இழுத்து மூன்று இடத்தில் அறுந்தால், பாவு முடிந்துவிட்டது; தைத்தும் முடிந்தும் பயனில்லை. ஆனால் ஊடை நன்றாக இருக்கும். பாவை நடுவில் கத்தரித்துப் பட்டைகளை உருவியெடுத்து, துவைத்துக் காயவைத்துக்கொள்ளலாம். இரண்டு பட்டைகளின் முனையிலும் சட்டைப் பொத்தான் துளை அளவுக்கு ஒரு வெட்டுப் போட்டு, ஒன்றை மற்றதன் துளை வழியே கோத்து, அதன் மறுமுனையைத் தன் துளைக்குள்ளேயே இழுத்தால் முடிச்சில்லாமல் இணையும். அப்படி இணைத்துப் பந்தாகச் சுற்றிக் கொண்டுவந்தால், புதுப் பாவு நூலுக்கும் கூலிக்கும் மட்டும் வாங்கிக்கொண்டு மறுபடி நெய்து தரத் தறிக்காரர்கள் இருக்கிறார்கள். இற்ற கறுப்புப் பட்டைகளை மட்டும் முன்பே பொறுக்கி எறிந்துவிட்டுக் கொண்டுவர வேண்டும்.